திருகோணமலை வீதிகளில் ஓடும் காருக்கு எஞ்சின் ஒயில்: அதன் வேலையும் தெரிவும் மாற்றும் முறையும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில், பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங் ஷாஃப்ட், அதனைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டால் எஞ்சின் ஒயிலைப் பற்றிய மற்றச் செய்திகள் எல்லாம் எளிதாகப் புரியும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு வரையே இருக்கும்; பாரம் விழும் பக்கத்தில் அது சில மைக்ரோன்களாகச் சுருங்கிவிடும். தண்டு சுழலும்போது, பம்ப் அனுப்பிய ஒயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அந்த ஒடுங்கிய இடத்துக்குள் செலுத்துகிறது. வெளியேற வழியில்லாத ஒயில் அழுத்தம் பெற்றுத் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. மாரி மழையில் வேகமாகச் செல்லும் காரின் டயர், தேங்கிய வெள்ளத்தின் மேல் ஏறி வீதியைத் தொடாமல் வழுக்குவதும் இதே காரணத்தால்தான். இங்கிலாந்தில் புகையிரத அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்த பிச்சாம்ப் டவர், 1883இல், பேரிங்கின் மேற்புறத்தில் இட்ட துளையை மரக்கட்டையால் அடைத்தபோதும் ஒயில் அந்த அடைப்பைத் தள்ளி வெளியேற்றியதைக் கண்டார். அந்த அழுத்தம் எவ்வாறு பிறக்கிறது என்பதை ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1886இல் கணிதத்தால் விளக்கினார். இன்று நம் கார்களின் எஞ்சின்களைக் காப்பதும் அவர்கள் கண்டறிந்த அதே படலந்தான்.

ஆகவே ஒயிலை எஞ்சினுக்குள் ஊற்றும் ஒரு திரவம் என்று எண்ணுவதைவிட, எஞ்சினின் ஓர் உறுப்பு என்றே கொள்வது சரியானது. மற்ற உறுப்புகளைப் போலவே அதற்கும் அளவு உண்டு, தேய்மானமும் உண்டு. எஞ்சினை வடிவமைத்தவர் அந்த இடைவெளிகளையும் பம்பையும் ஒரு குறிப்பிட்ட தடிப்புள்ள ஒயிலை மனதில் வைத்தே அமைத்திருக்கிறார். எந்த ஒயில் என்பதை அவரிடம் விட்டுவிட வேண்டும். எப்போது மாற்றுவது என்பதையோ கார் நம் ஊரில் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்து நாம் முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இதையே.

படலம் நிற்காத இடங்கள்

ஒயில் படலம் உருவாக வேகம் வேண்டும். பிஸ்டன் மேலெல்லைக்கு வந்து திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூச்சியமாகிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் முனைகள் மிகச் சிறிய பரப்பில் பெரும் பாரத்தோடு அழுத்துகின்றன. இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் இயக்கும் முதற் சில விநாடிகளில் பம்பின் அழுத்தம் மேற்பகுதியை இன்னும் எட்டியிருக்காது. இந்த மூன்று நிலைகளிலும் உலோகத்தைக் காப்பவை ஒயிலில் கலந்துள்ள சேர்பொருட்களாகும். துத்தநாகமும் பொஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்வை, வெப்பமும் உராய்வும் கூடும் இடத்திலேயே உலோகத்தின் மேல் மெல்லிய கடினப் படிவாக மாறி, உலோகத்துக்குப் பதிலாகத் தான் தேய்ந்து, மீண்டும் படிகிறது. இது நாளடைவில் தீர்ந்துபோகும் பொருள். ஒயில் மாற்றுவதன் பெரும் பயன், தீர்ந்துபோன சேர்பொருட்களுக்குப் புதியவற்றைத் தருவதே என்று சொன்னால் அது மிகையாகாது.

தேய்மானத்தைத் தடுப்பதோடு ஒயிலின் வேலை முடிவதில்லை. எரியும் வாயுக்களின் வெப்பம் 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். அதை நேரடியாக ஏற்கும் பிஸ்டனின் தலைப் பகுதியை றேடியேற்றர் நீர் தொடுவதே இல்லை. அங்கிருந்து வெப்பத்தை எடுத்து வருவதில் ஒயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நின்று வாயுக் கசிவைக் குறைப்பதும், எரிதலில் பிறக்கும் அமிலங்களைக் கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் காரச் சேர்வைகளால் சமப்படுத்துவதும், காபன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடாமல் அவற்றைத் தன்னுள் பிரித்து மிதக்கவைப்பதும் ஒயில்தான். இதனால்தான் நல்ல ஒயில் கறுக்கிறது. டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிட்டது என்பதற்காக அது கெட்டுவிட்டது என்று கொள்ளக் கூடாது. நெடுநாள் ஓடியும் தெளிவாகவே இருக்கும் ஒயிலைப் பார்த்து மகிழவும் அவசியமில்லை. நிறத்தை மட்டும் வைத்து ஒயிலின் ஆயுளைத் தீர்மானிக்க முடியாது.

வெயில் ஊரிலும் எஞ்சின் குளிராகவே ஓடுகிறது

திருகோணமலையின் வெயிலை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒயிலுக்குத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரையானது. வெளியில் 35 பாகை வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். உவர்மலையிலிருந்து புறப்பட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மத்திய வீதியில் ஒரு கடைக்கு முன் நிறுத்தி, பத்து நிமிடத்தில் வீடு திரும்பும் காரில், நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவே வந்து நின்றாலும் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பில் உள்ள ஒயில் இன்னும் முழுச் சூட்டை அடைந்திருக்காது. ஒயில் சூடேறுவதற்கு நீரைவிட அதிக நேரம் எடுக்கும்.

அதனால் என்ன கேடு? ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உருவாகிறது. அதன் பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஆனால் றிங்குகளைத் தாண்டி ஒரு சிறு பங்கு சம்புக்குள் இறங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெற்றோலும் எரியாமல் சுவர் வழியே வழிந்து ஒயிலோடு சேரும். ஒயில் போதிய நேரம் நன்கு சூடாக இருந்தால் இவை இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். குறுகிய ஓட்டங்கள் மட்டுமே ஓடும் காரில் அவை தங்கிவிடுகின்றன: பெற்றோல் ஒயிலின் தடிப்பைக் குறைக்கிறது, நீர் அமிலத்தையும் களியையும் வளர்க்கிறது. கந்தளாய், ஹபரணை வழியாக மாதம் இருமுறை கொழும்புக்குப் போய்வரும் கார், அதிக கிலோமீற்றர் ஓடியும் அதன் ஒயில் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் இதுவே. நகருக்குள் மட்டுமே ஓடும் காரை இடைக்கிடையாவது நிலாவெளி கடந்து குச்சவெளி வரையோ, தம்பலகாமம் வரையோ நிறுத்தாமல் ஓட்டி வருவது எஞ்சினுக்கு நல்லது.

ஹைபிரிட் கார்களில் இது மேலும் கவனிக்கத்தக்கது. அக்குவா, பிரியஸ் போன்றவை நகருக்குள் பெற்றோல் எஞ்சினை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி இயக்குவதால் ஒயில் சூடேற இன்னும் அதிக நேரம் பிடிக்கிறது. எஞ்சின் குறைவாகத்தானே ஓடுகிறது, ஒயிலை இன்னும் நெடுநாள் வைத்திருக்கலாம் என்ற கணக்கு பாதி மட்டுமே சரி.

கரையோரத்துக்கே உரிய இன்னொரு கேடும் உண்டு. உப்புக் காற்று ஒயிலைத் தாக்குவதைவிட, ஒயிலைத் தாங்கும் பொருட்களைத் தாக்குகிறது. மெல்லிய இரும்புத் தகட்டால் ஆன சம்பும், ஒயில் பில்டரின் வெளி உறையும், சம்ப் நட்டும் துருப்பிடிக்கின்றன. ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சம்பின் அடிப்புறத்தைத் துடைத்து, துருக் கொப்புளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். அதேபோல மணற்பாதைகளில் ஓடும் வாகனங்களுக்கு எயார் பில்டரைக் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளே வரும் நுண்மணலை எந்த ஒயிலாலும் சமாளிக்க முடியாது.

எந்த ஒயிலை வாங்குவது

கானில் அச்சிட்டிருக்கும் 5டபிள்யூ-30 போன்ற குறியீடு, எஸ்ஏஈ என்னும் வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் தரப்படுத்தலாகும். அதன் முதல் வடிவம் 1911இல் வந்தது. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகையில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. 100 பாகையில் 20 என்னும் வகை 6.9 முதல் 9.3 வரையும், 30 என்பது 9.3 முதல் 12.5 வரையும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையும் சென்ரிஸ்ரோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு) அளவுடையவை. முன் எண் நமக்குத் தேவையற்றது என்று தோன்றலாம். 0டபிள்யூ ஒயிலைச் சோதிக்கும் மறை 35 பாகைக் குளிர் இலங்கையில் எங்குமே வரப்போவதில்லை என்பது உண்மை. எனினும் 30 பாகையில் இயக்கப்படும் எஞ்சினில்கூட 15டபிள்யூ-40 ஒயில் 0டபிள்யூ-20 ஒயிலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தடிப்பாகவே இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

"நம்முடைய நாடு சூடான நாடு, தடித்த ஒயில்தான் நல்லது" என்று கராஜ்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பழைய எஞ்சின்களின் காலத்தில் அந்த அறிவுரைக்கு இடம் இருந்தது. இன்றைய கார்களில் தெர்மோஸ்டாற் நீரின் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருப்பதால், ஜப்பானிலும் திருகோணமலையிலும் ஒயில் ஏறத்தாழ ஒரே சூட்டிலேயே வேலை செய்கிறது. 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் மேற்பகுதிக்கு ஒயில் தாமதமாகப் போகும். பில்டரின் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டப்படாத ஒயில் பேரிங்குகளுக்குச் செல்லலாம். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒயிலின் அழுத்தத்தால் மாற்றும் நுண்ணிய அமைப்பு மந்தமாகும். பெற்றோல் செலவும் கூடும். கையேடு இரண்டு மூன்று வகைகளை அனுமதித்திருந்தால், அதிகம் ஓடிப் பழகிய எஞ்சினுக்கும் பாரம் இழுக்கும் வாகனத்துக்கும் அவற்றுள் தடித்ததைத் தெரிவுசெய்வதை நானும் ஆதரிப்பேன். கையேடு சொல்லாத தடிப்புக்குப் போவதை ஆதரிக்க மாட்டேன்.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த பல கார்களில் கையேடு ஜப்பானிய மொழியிலேயே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்போது ஒயில் ஊற்றும் வாயின் மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் மேலேயே தடிப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் எஞ்சினின் குறியீட்டு எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் விபரத்தைத் தேட வேண்டும்.

தடிப்புக்கு அடுத்தது தரம். கானின் பின்புறத்து வட்ட முத்திரையில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) என்ற எழுத்துகளோடு பெற்றோலுக்கு எஸ் எனத் தொடங்கும் தரமும், டீசலுக்கு சி எனத் தொடங்கும் தரமும் இருக்கும். பெற்றோல் வரிசையில் பிந்திய எழுத்து முந்தியதற்கும் பொருந்தும்; 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த எஸ்பி அல்லது அதற்குப் பின் வந்த தரமாக இருந்தால் போதும். புகைவடிகட்டி பொருத்திய புதிய டீசல் வாகனங்களுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் கட்டாயம். மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலுக்குள்ளேயே இயங்குவதால், கார் ஒயிலில் மிஞ்சியதை அதற்கு ஊற்ற வேண்டாம்.

சீனக்குடாவிலேயே லங்கா ஐஓசி நிறுவனத்தின் மசகெண்ணெய்க் கலப்பு ஆலை இயங்குகிறது. ஒயில் எந்த நாட்டில் கலக்கப்பட்டது, கானின் படம் எவ்வளவு கவர்ச்சியானது என்பவற்றைவிட, மேற்சொன்ன இரண்டு குறிகளும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகின்றனவா என்பதே முக்கியமானது. மூடியின் முத்திரை உடையாத கானை வாங்குங்கள், பீப்பாயிலிருந்து அளந்து தருவதைத் தவிருங்கள்.

எப்போது மாற்றுவது

கையேடுகளில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒரு காலமும் கடினப் பயன்பாட்டுக்கு அதைவிடக் குறுகிய காலமும் தரப்பட்டிருக்கும். குறுகிய ஓட்டம், ஏசியை இயக்கியபடி நெடுநேரம் நின்ற இடத்தில் ஓடவிடுதல், தூசி நிறைந்த பாதை ஆகியவை கடினப் பயன்பாட்டுக்குள் அடங்கும். கோவிலடியிலும் கடற்கரையிலும் ஏசியைப் போட்டுக் காத்திருக்கும் நேரம் கிலோமீற்றர் கணக்கில் ஏறுவதில்லை, ஆனால் ஒயிலின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே திருகோணமலை நகருக்குள் ஓடும் காருக்கு 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அதில் மாற்றுவது என் கணிப்பில் பொருத்தமானது. நீண்ட பயணங்களே அதிகமுள்ள, உயர்தர ஒயில் ஊற்றிய காருக்குக் கையேட்டின் சாதாரணக் காலத்தையே பின்பற்றலாம். பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்; அதைச் சேமிப்பது சேமிப்பே அல்ல.

இரண்டு மாற்றங்களுக்கு இடையில் இரு வாரத்துக்கு ஒருமுறையாவது டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்த அளவு பிழையாகவே இருக்கும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுமையாகச் செருகி, மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஒயில் இரண்டு குறிகளுக்கும் இடையில், மேற்குறிக்கு அண்மையில் நிற்க வேண்டும். பல கார்களில் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லீற்றர். மேற்குறியைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கிராங் ஷாஃப்ட் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்குப் பாரம் தாங்கும் வலு இல்லை. ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால், அதிலும் பெற்றோல் மணம் வீசினால், எரிபொருள் கலந்திருக்கிறது. ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது, சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியிலுள்ள அடைப்பான ஹெட் காஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் மட்டும் சிறிது வெளிறிய களி தெரிந்தால் பெரும்பாலும் அது குறுகிய ஓட்டத்தின் ஈரமே.

மாற்றும் முறை

நீங்களே மாற்றுவதாயின், எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, தொடக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டுத் தொடங்குங்கள். இளஞ்சூட்டில் அழுக்கு ஒயிலோடு சேர்ந்து இறங்கும், கொதிசூட்டில் கை வெந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே போகாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்து, சில்லுகளுக்கு அடை கொடுத்த பின்னரே குனிய வேண்டும். மணல் நிலத்தில் தாங்கி புதையும் என்பதால், நம் முற்றங்களில் தடித்த பலகையோ சீமெந்துத் தரையோ அவசியம். சம்ப் நட்டைக் கழற்றி, ஒயில் துளித்துளியாகும் வரை வடியவிடுங்கள். பின் புதிய வோஷரோடு நட்டைக் கையால் முழுமையாகத் திருகிய பிறகே ஸ்பானரை எடுங்கள். அலுமினியச் சம்புகளில் அளவுக்கு மீறி இறுக்கினால் புரி கழன்றுவிடும்.

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் றப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று பார்ப்பதை ஒருபோதும் தவறவிடாதீர்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன் மேல் புதியது ஏறினால், எஞ்சினை இயக்கிய சிறிது நேரத்திலேயே ஒயில் முழுவதும் வெளியேறிவிடக்கூடும். புதிய வளையத்தில் விரலால் சிறிது ஒயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். கையேடு தரும் அளவைவிட அரை லீற்றர் குறைவாக ஊற்றி எஞ்சினை இயக்குங்கள். அழுத்த விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். ஒரு நிமிடத்தின் பின் நிறுத்தி, நட்டிலும் பில்டரிலும் கசிவு உண்டா என்று பார்த்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைப் பார்த்துக் குறைவை நிரப்புங்கள். கிலோமீற்றரையும் திகதியையும் ஊற்றிய ஒயிலின் வகையையும் எழுதி வையுங்கள்.

செந்நிற ஒயில் விளக்கைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அது காட்டுவது ஒயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால் படலம் இல்லாமற் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பேரிங்குகள் உருகுவதற்கு இனி நிமிடங்களே போதும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான யானைக் காட்டில் மாலை வேளையில் அது எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்றுதான் மனம் சொல்லும். அப்போதும் பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, காருக்குள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். கானில் ஒரு லீற்றர் ஒயிலை எப்போதும் காரில் வைத்திருப்பது தூரப் பயணத்தில் கைகொடுக்கும். ஊற்றி, இயக்கியும் விளக்கு அணையவில்லை என்றால் காரை இழுத்துச் செல்லவே வேண்டும்.

வடித்த கழிவு ஒயிலை இறுகிய மூடியுள்ள கானில் சேர்த்து, அதைத் திரட்டி அனுப்பும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். அதில் தோலுக்குத் தீங்கான சேர்வைகளும் பேரிங்குகளிலிருந்து தேய்ந்த உலோகத் துகள்களும் உள்ளன. கையில் பட்டால் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். வடிகாலில் ஊற்றியது கடலுக்குத்தான் போகும். கறையானுக்கு அஞ்சி வேலிக் கட்டைகளில் கழிவு ஒயில் பூசும் வழக்கம் இங்கு இன்னும் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி போன்ற மணற்பாங்கான இடங்களில் கிணற்று நீர் மிக ஆழத்தில் இல்லை. மணல் எதையும் இலகுவில் கீழே விட்டுவிடும். கிணறு உள்ள வளவில் அதனைச் செய்யாதீர்கள்.